பக்கம் திருப்ப எது வசதி: தட்டலா, ஸ்வைப்பா, பட்டனா?

மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர் வாங்கப்போகிறவர்கள் திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி, வெளிச்சத்தை மஞ்சளாக மாற்ற முடியுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பக்கத்தை எப்படித் திருப்புவது என்று கேட்பவர்கள் குறைவு. தொடுதிரைதானே, தொட்டால் திரும்பிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000 சொற்கள் உள்ள ஒரு தமிழ் நாவல். நம் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில், கண்ணுக்குச் சிரமம் தராத எழுத்தளவில், பக்கத்துக்கு நூறு சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாவலுக்கு 600 முறை பக்கம் திருப்ப வேண்டும். மாதம் இரண்டு நாவல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 14,400 முறை. வெளிச்சத்தை மாற்றுவது, எழுத்தைப் பெரிதாக்குவது, அகராதி பார்ப்பது எல்லாம் சேர்ந்தாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் பிடித்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர் பட்டன் உள்ள கருவியை வாங்குவது நல்லது. பட்டன் வேண்டாம் என்றாலோ, பிடித்த கருவியில் அது இல்லை என்றாலோ, எங்கே தட்டினால் என்ன நடக்கும் என்பதை நாமே மாற்றிக்கொள்ள இடம் தரும் கருவியாகப் பார்க்க வேண்டும். ஸ்வைப் மூன்றாவது இடம்தான். ஆனால் அதைக் கழித்துக்கட்டவும் முடியாது. சில சமயம் அதுதான் கைகொடுக்கும். ஏன் இந்த வரிசை என்பதற்குக் காரணம் திரையில் இருக்கிறது.

இ-இங்க் திரைக்கு அவசரம் தெரியாது

கைபேசியில் பக்கத்தைத் தள்ளும்போது அது விரலோடு கூடவே நகர்கிறது. பாதி தள்ளிவிட்டு மனம் மாறினால் திரும்பவும் இழுத்துவிடலாம். விரலுக்கும் திரைக்கும் நடுவே இடைவெளியே தெரியாத அளவுக்கு அந்தத் திரை ஒரு நொடிக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ புதுப்பிக்கப்படுகிறது.

இ-ரீடர்களில் உள்ள இ-இங்க் (மின்மை) திரை வேலை செய்யும் விதமே வேறு. அதில் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் ஒரு திரவத்துக்குள் மிதக்கின்றன. மின்புலம் கொடுத்தால் ஒரு நிறத் துகள் மேலே வரும், மற்றது கீழே போகும். துகள் நகர நேரம் பிடிக்கும். பதினாறு சாம்பல் நிலைகளோடு ஒரு பக்கத்தைத் தெளிவாக வரைய ஏறத்தாழ அரை நொடி ஆகும். கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும் போதும் என்று விட்டால் அதைவிடப் பல மடங்கு வேகமாக வரையலாம். ஆனால் எழுத்தின் ஓரங்கள் கரடுமுரடாகும், பழைய பக்கத்தின் நிழலும் தங்கிவிடும்.

இதன் விளைவு என்னவென்றால், இ-ரீடரில் ஸ்வைப் செய்யும்போது விரலுக்குக் கீழே எதுவும் நடப்பதில்லை. விரல் தன் பாதையை முடித்து மேலே எழுந்தபிறகுதான் பக்கம் மாறத் தொடங்குகிறது. கைபேசியில் ஸ்வைப்புக்கு இருக்கும் சுகமே அந்தத் தொடர்ச்சிதான். அது போனபின் மிச்சம் இருப்பது நீளமான ஒரு விரலசைவு. தட்டினால் ஒரு புள்ளியோடு வேலை முடிகிறது. அதே பலனுக்கு ஸ்வைப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுக்க வேண்டியிருக்கிறது. கருவியைப் பிடித்திருக்கும் அதே கையின் கட்டைவிரலால் அதைச் செய்து பாருங்கள். பிடி தளரும், கருவி லேசாகச் சாயும். 600 முறை சாய்வது சின்ன விஷயம் இல்லை.

தட்டல்: எளிது, ஆனால் யார் கைக்கு?

2011இல் வந்த அமேசானின் கிண்டில் டச் இ-ரீடர் தட்டல் முறைக்கு ஒரு வடிவத்தை வைத்தது. திரையின் பெரும்பகுதி அடுத்த பக்கத்துக்கு, இடது ஓரத்தில் ஒரு குறுகிய பட்டை முந்தைய பக்கத்துக்கு, மேலே ஒரு பட்டை மெனுவுக்கு. நடுவில் தட்டினாலும் வலதில் தட்டினாலும் முன்னால் போகும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்றே சொல்வேன். நாம் பெரும்பாலும் முன்னால்தான் போகிறோம், அதற்குப் பெரிய இடம்; பின்னால் போவது அபூர்வம், அதற்குச் சின்ன இடம். இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை அதை வேகமாக எட்டும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்தார். கிண்டில் டச்சின் தளவமைப்பு அதற்கு நல்ல உதாரணம்.

இடது கையில் பிடித்துப் படிப்பவர்களிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. அவர்களின் கட்டைவிரல் இயல்பாக விழும் இடம் அந்தக் குறுகிய இடது பட்டை. முன்னால் போக நினைத்துத் தட்டினால் பின்னால் போகும். விரலை நீட்டி நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏழு அங்குலத் திரையில் அது இன்னும் தூரம். வலது கைக்காரர்களும் படுத்துக்கொண்டு படிக்கும்போது கை மாற்றுவார்கள், அப்போது அவர்களுக்கும் இதே கதிதான். கோபோ நிறுவனத்தின் இ-ரீடர்களில் வாசிப்பு அமைப்புகளுக்குள் போய்த் தட்டும் பகுதிகளின் வடிவத்தை மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே பட்டன் இல்லாத கருவிகளில் நான் கோபோவின் பக்கம் சாய்வேன்.

தட்டலுக்கு இன்னொரு குறையும் உண்டு. திரையில் எங்கே தொட்டாலும் அது ஒரு கட்டளை. தூசியைத் துடைத்தால் பக்கம் திரும்பும். கருவியை அடுத்தவரிடம் நீட்டினால் நான்கு பக்கம் ஓடிவிடும். அடிக்குறிப்பு எண் மேலே சின்னதாக நிற்கும். அதைத் தொடப்போனால் பக்கம் திரும்பிவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பொருளடக்கம், அகராதி, கலைக்களஞ்சியம் போலப் பக்கம் முழுக்க இணைப்புகள் நிறைந்திருக்கும் நூல்களில், திருப்புவதற்காகத் தட்டினால் ஏதோ ஓர் இணைப்பு திறந்துகொள்ளும். ஸ்வைப் கைகொடுக்கும் என்று சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். இழுவையை இணைப்பு என்று கருவி தவறாக எடுத்துக்கொள்ளாது.

கருவி மேசையிலோ தாங்கியிலோ இருந்து, கை சும்மா இருக்கும்போதும் ஸ்வைப் நன்றாகவே இருக்கிறது. அப்போது பிடி தளரும் கவலை இல்லை. எந்தப் பகுதியில் என்ன என்று நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வலமிருந்து இடம் இழுத்தால் அடுத்த பக்கம், அவ்வளவுதான். முதன்முறை இ-ரீடர் பிடிக்கும் ஒருவருக்கு யாரும் சொல்லித்தராமலே இது வந்துவிடும். பெரும்பாலான கருவிகளில் தட்டலும் ஸ்வைப்பும் ஒன்றாகவே இயங்குவதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பட்டன்

2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலில் தொடுதிரையே கிடையாது. இரண்டு பக்கமும் நீண்ட பட்டன்கள். கருவியை எடுக்கும்போதே அழுந்திவிடும் அளவுக்கு அவை பெரிதாக இருந்தன. பட்டன்மீது அப்போது வந்த வெறுப்பில் பாதி அந்த வடிவத்தால் வந்தது என்றே நினைக்கிறேன். பிறகு தொடுதிரை வந்ததும் செலவு குறைவு, தோற்றம் சுத்தம் என்று பட்டன் மெல்ல மறைந்தது.

2014இல் கிண்டில் வாயேஜில் ஒரு நடுவழி முயற்சி நடந்தது. திரையின் இருபுறச் சட்டத்திலும் அழுத்தத்தை உணரும் பகுதிகள். கட்டைவிரலை அங்கேயே வைத்திருந்து லேசாக அழுத்தினால் ஒரு சிறு அதிர்வோடு பக்கம் திரும்பும். விரலை எடுக்கவே வேண்டாம். அருமையான எண்ணம். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த மாடலிலும் அது தொடரவில்லை. 2016இல் வந்த ஒயாசிஸ் உண்மையான பட்டனுக்கே திரும்பியது. 2024இல் ஒயாசிஸும் விற்பனையிலிருந்து விலகிவிட்டது. கோபோவில் 2018இல் ஃபார்மா, 2019இல் லிப்ரா எச்2ஓ, 2021இல் லிப்ரா 2, 2024இல் லிப்ரா கலர் என்று பட்டன் வரிசை தொடர்ந்து வந்திருக்கிறது. நூக், பாக்கெட்புக் கருவிகளிலும் பட்டன் உள்ளவை உண்டு.

தொடுதிரையில் விரலை வைத்து ஓய்வெடுக்க முடியாது. பட்டனின் பெரிய பலம் அதுதான். கட்டைவிரல் அதன்மேல் அப்படியே கிடக்கலாம். அழுத்தினால்தான் வேலை நடக்கும். பக்கத்தின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே விரல் தயாராக இருக்கும். கண் திரையை விட்டு நகர வேண்டியதில்லை. தட்டும்போது விரல் ஒரு கணம் எழுத்தை மறைக்கும், பட்டனில் அதுவும் இல்லை. லிப்ரா, ஒயாசிஸ் போன்றவற்றில் ஒரு பக்கச் சட்டம் மட்டும் அகலமாக இருக்கும். கருவியை 180 பாகை திருப்பினால் எழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும். இடது கை, வலது கை தகராறு அதோடு தீர்ந்தது. எந்தப் பட்டன் முன்னால், எது பின்னால் என்பதையும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளும் இருக்கின்றன. அசையும் பாகம் என்பதால் காலப்போக்கில் தேயும். சில மாடல்களில் ‘க்ளிக்’ ஒலி இரவில் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பும் அளவுக்குக் கேட்கும். அகலமான சட்டம் இருப்பதால் கருவியைச் சட்டைப்பையில் வைப்பது கஷ்டம். இரண்டு கையாலும் பிடித்துப் படிப்பவருக்குப் பட்டனால் பெரிய லாபம் இல்லை. அவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஈரம், கையுறை, தூசி

திரை விரலை எப்படி உணர்கிறது என்பதும் தேர்வைப் பாதிக்கும். ஆரம்பகாலத் தொடு இ-ரீடர்களில் ஒன்றான சோனியின் 2008 மாடலில், அழுத்தத்தை உணரும் படலம் ஒன்று திரைக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. அதனால் எழுத்து மங்கியது, வெளிச்சமும் பிரதிபலித்தது. 2011 வாக்கில் கிண்டில் டச், கோபோ டச், நூக் சிம்பிள் டச் மூன்றும் அகச்சிவப்பு முறைக்கு வந்தன. சட்டத்தின் ஓரங்களில் இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரைமேல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். விரல் அவற்றை மறைக்கும் இடமே தொட்ட இடம். திரைக்கு மேலே எந்தப் படலமும் இல்லாததால் எழுத்து தெளிவாக இருந்தது. கையுறை போட்ட விரலும் வேலை செய்யும், பென்சில் முனையும் வேலை செய்யும். ஆனால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு முடியோ துணுக்கோ ஒட்டிக்கொண்டால் அதையும் விரல் என்று நினைத்துப் பக்கங்கள் தானாக ஓடும். பழைய கருவி அப்படி ஓடினால், பழுது என்று முடிவுகட்டும் முன் ஓரங்களை உலர்ந்த மென்மையான தூரிகையால் சுத்தம் செய்து பாருங்கள்.

2012இல் கிண்டில் பேப்பர்வைட் கைபேசியில் உள்ளதுபோன்ற கெபாசிடிவ் முறைக்கு மாறியது. இது விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்கிறது. தொடுதல் நுட்பமாக இருக்கும். சாதாரணக் கையுறையோடு இது கேட்காது. நீர்த்துளி விழுந்தால் அதையும் தொடுதல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நீர்புகாத கருவி என்று விளம்பரம் இருந்தால், தண்ணீர் பட்டால் கருவி கெடாது என்று மட்டுமே பொருள்; ஈரத் திரையில் ஸ்வைப் சரியாக நடக்கும் என்று பொருள் இல்லை. குளியல்தொட்டியிலோ நீச்சல்குளத்தின் ஓரத்திலோ படிப்பவருக்குப் பட்டன் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மற்ற சைகைகள்

வெளிச்சத்துக்கு ஓர இழுவை நல்ல ஏற்பாடு. கோபோவில் திரையின் இடது ஓரத்தில் விரலை மேலும் கீழும் நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும். இருட்டில் மெனுவைத் தேட வேண்டாம். போதும் என்று கண் சொல்லும்வரை நகர்த்தினால் சரி. இடது கையில் பிடிப்பவருக்குக் கட்டைவிரல் தெரியாமல் வழுக்கி வெளிச்சம் மாறிவிடும் ஆபத்து உண்டு, அவ்வளவுதான்.

எழுத்தளவை மாற்ற இரண்டு விரலால் விரிப்பதும் குவிப்பதும் இ-ரீடரில் எனக்குப் பிடிக்கவில்லை. விரித்த விரலுக்கு எவ்வளவு பெரிதாகும் என்று திரை உடனே காட்டாது. முடித்தபிறகு பார்த்தால் ஒன்று கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். எழுத்தளவை ஒரு நூலுக்கு ஒருமுறைதான் மாற்றுகிறோம், மெனுவே போதும். பிடிஎஃப் மட்டும் வேறு. அதில் பெரிதாக்காமல் படிக்க முடியாது. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு பக்கமாக விரலால் விரித்துக்கொண்டிருப்பதைவிட, ஓர வெள்ளையை வெட்டிவிடும் வசதியும், கருவியைப் படுக்கவாட்டில் திருப்பிப் படிக்கும் வசதியும் எவ்வளவோ மேல். பிடிஎஃப்தான் முக்கியம் என்பவர்கள் பெரிய திரையும், வேகமான புதுப்பிப்பு முறையைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் உள்ள பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு கருவிகளைப் பார்க்கலாம்.

அகராதிக்கும் அடிக்கோடுக்கும் நீண்ட அழுத்தம்தான் எல்லாக் கருவியிலும். இதில் தேர்வு அதிகம் இல்லை. கை நடுங்கும் முதியவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் முக்கியம்: தட்டுவதற்குப் பதில் விரல் கொஞ்சம் தங்கிவிட்டால் அகராதி திறந்துகொள்ளும். அவர்களுக்குப் பட்டன் பேருதவி.

எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொண்டால்?

கோரீடர் என்ற, நூல் படிப்பதற்கான திறமூலச் செயலி கோபோ, பாக்கெட்புக், கிண்டில், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடுகிறது. நான்கு மூலைகளில் தட்டுவது, ஓரங்களில் இழுப்பது, இரண்டு விரலால் இழுப்பது, திசை மாற்றி மாற்றி இழுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நாம் விரும்பும் வேலையை ஒதுக்கலாம். தட்டும் பகுதியின் அகலத்தையும் மாற்றலாம், நீண்ட அழுத்தம் எவ்வளவு நேரம் என்பதையும் மாற்றலாம். மேலே சொன்ன முதியவருக்கு இது நேரடித் தீர்வு. கோபோவில் இதை நிறுவுவது எளிது. கிண்டிலில் முதலில் அதன் பூட்டை உடைக்க வேண்டும். அது மென்பொருள் பதிப்பைப் பொறுத்தது, எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்படி அமைக்கும்போது ஆர்வத்தில் இருபது சைகைகளை வைத்துக்கொள்ளத் தோன்றும். கை நினைவில் தங்குவது நான்கைந்துதான். மற்றவை நாம் மறந்தபிறகு தற்செயலாக இயங்கித் தொல்லை தரும். குறிப்பாக இருமுறைத் தட்டலை எதற்கும் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால், நீங்கள் ஒருமுறை தட்டியதும் இரண்டாவது தட்டல் வருகிறதா என்று கருவி காத்திருந்து பார்க்கும். ஏற்கெனவே மெதுவான திரையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தக் காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும். கோரீடரில் இருமுறைத் தட்டல் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

போர்வைக்கு வெளியே கையை நீட்ட விரும்பாதவர்களுக்குக் கிளிப் வடிவ ரிமோட்டுகள் கிடைக்கின்றன. திரையின் ஓரத்தில் மாட்டிவிட்டு, கையில் உள்ள பட்டனை அழுத்தினால் கிளிப் விரலைப்போலத் தொடும். கெபாசிடிவ் திரையில் மட்டும்தான் இது சரிப்படும். அகச்சிவப்புத் திரையில் கிளிப்பே கதிரை மறைத்து, விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் விரலாகத் தெரியும். கிண்டிலின் சில புதிய மாடல்களில், கருவியின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ இருமுறை தட்டினால் பக்கம் திரும்பும் வசதி 2025இல் மென்பொருள் வழியாக வந்திருக்கிறது. திரைக்கு வெளியே தட்டுவதால் எழுத்து மறைவதில்லை. ஆனால் அதில் முன்னால் மட்டுமே போகலாம், பின்னால் வரத் திரையைத்தான் தொட வேண்டும்.

வாங்கும் முன் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், வழக்கமாகப் படிக்கும் கையில், வழக்கமான பிடியில் பிடியுங்கள். மற்றக் கையைப் பையில் போட்டுக்கொண்டு பத்துப் பக்கம் முன்னால் போய், இரண்டு பக்கம் பின்னால் வாருங்கள். பிறகு பிடியைக் கை மாற்றி அதையே செய்யுங்கள். இரண்டாவது கையில் பக்கங்கள் தவறான திசையில் ஓடினால், உடனே அமைப்புகளைத் திறந்து தட்டும் பகுதியை மாற்ற வழி இருக்கிறதா என்று தேடுங்கள். வழி இல்லை என்றால் அதே விலையில் பட்டன் உள்ள அடுத்த கருவியைக் கேளுங்கள்.